4000 லைக் இருக்கு, பெயர் நிக்கேல்லை: வீட்டில் தூள் இடித்து விற்கும் ஒருவருக்குப் பதில்

கேள்வியை முதலில் நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்லிவிடுகிறேன். சுன்னாகத்தில் வீட்டில் வைத்தே வறுத்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் (பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்து இடித்த மா) பொதி செய்து விற்கிறீர்கள். பேஸ்புக் பக்கத்தில் 4000 லைக்குக்கு மேல் இருக்கிறது, ரிக்ரொக்கிலும் வீடியோ போடுகிறீர்கள், ஆனால் ஓடர் வருவதெல்லாம் சொந்தக்காரரிடமும் தெரிந்த ஆக்களிடமும்தான். இப்போது ஒரு நிறுவனம் மாதக் கட்டணம் தந்தால் பிராண்டிங் செய்து தருகிறோம், வலைப்பதிவும் எழுதித் தருகிறோம் என்று வந்து நிற்கிறது. "இந்தக் காலத்தில் ஆர் அண்ணை வலைப்பதிவு வாசிக்கினம், காசைக் கட்டலாமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். காசு கட்டுவதா இல்லையா என்பது சின்ன விசயம். இத்தனை பேர் கண்ணில் பட்டும் ஏன் ஒருவருக்கும் உங்கள் பெயர் நினைவில் நிற்கவில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சுக்கடையில் வடிவமைப்பு வேலை பழகி, வலைப்பதிவுகள் சூடாக ஓடிய காலத்தில் எழுதவும் பழகி, இப்போது பல வருசமாகச் சிறு வியாபாரக்காரரின் பக்கங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். கேக் செய்கிறவர்கள், தையல்காரர், கலியாண மண்டபக்காரர் என்று எல்லா விதமான ஆக்களும் உண்டு. பெரிய கம்பனி விளம்பரம் செய்து பழக்கமில்லை. ஆகவே நான் சொல்வது ஒன்றிரண்டு பேர் நடத்தும் வியாபாரத்துக்குத்தான் பொருந்தும்.

முதலில் அந்த 4000 லைக். இடைக்கிடை பூஸ்ட் பண்ணியதாக, அதாவது பேஸ்புக்குக்குக் காசு கட்டிப் பதிவைக் கூடப் பேருக்குக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பூஸ்ட் பண்ணும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு திரை கேட்கும்: கூடுதல் லைக்கும் கொமன்றுமா, கூடுதல் மெசேஜா, இணையத்தளத்துக்கு ஆக்களா என்று. அனேகமானோர் அதைப் பார்க்காமலே, ஏற்கெனவே தெரிவாகி இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த பட்டனை அமத்துவார்கள். அந்தத் தெரிவு சும்மா ஒரு சடங்கு இல்லை. லைக் என்று கேட்டால் லைக் போடும் பழக்கம் உள்ள ஆக்களைத் தேடிப் பிடித்து அவர்களுக்குத்தான் விளம்பரம் போகும், அவர்களும் கண்டதுக்கெல்லாம் லைக் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மெசேஜ் என்று கேட்டால் லைக் குறையும், பார்க்க வெறிச்சென்று இருக்கும், ஆனால் "தூள் கிலோ என்ன விலை" என்று நாலு பேர் கேட்பார்கள். இது ஊகம் இல்லை, விளம்பர முறையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மொழி தமிழ் என்றும் இடம் எது என்றும் குறிப்பிடாமல் பூஸ்ட் பண்ணினால் மாத்தறையில் இருக்கும், உங்கள் தமிழை வாசிக்கவே தெரியாத ஆக்களும் லைக் போட்டிருப்பார்கள். பக்கத்தைத் திறந்து, லைக் போட்டவர்கள் எந்தெந்த ஊர் என்று ஒருக்கால் பாருங்கள், விளங்கும். காசுக்கு லைக் வாங்கித் தருகிறோம் என்று வருகிற ஆக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் ஒரே சொல்லில் முடிப்பேன்: வேண்டாம்.

அடுத்தது, லைக் போட்டவர்கள் எல்லோருக்கும் நீங்கள் போடுவது போய்ச் சேருகிறது என்ற எண்ணம். முன்பு ஓரளவுக்குச் சேர்ந்தது. 2018 ஜனவரியில் பேஸ்புக் தானே வெளிப்படையாக அறிவித்தது, இனி நண்பர்கள், குடும்பத்தார் போடுவதை முன்னுக்குக் காட்டுவோம், வியாபாரப் பக்கங்கள் போடுவது குறையும் என்று. அதற்கு முதலே குறைந்துகொண்டுதான் வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. ஆகவே உங்கள் 4000 பேரில் ஒரு சிறு பங்குக்குத்தான் ஒவ்வொரு பதிவும் போகிறது. உங்கள் எழுத்தோ படமோ மோசம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் நாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரு கிழமை முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு ஒரு கிழமைக்கும் மேல். 2022 ஏப்ரல் 3ஆம் தேதி ஊரடங்கோடு சேர்த்து மறுபடியும், அது சில மணித்தியாலங்களில் விடப்பட்டது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி யாரும் தடுக்காமலே பேஸ்புக், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் அளவில் விழுந்து கிடந்தன. 2020 ஜூன் கடைசியில் இந்தியா ரிக்ரொக்கைத் தடை செய்தபோது தமிழ்நாட்டில் அதை நம்பி வளர்ந்தவர்கள் அடுத்த நாள் வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. கூகுள் பிளஸ் என்று ஒன்று இருந்ததே பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும், 2019 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். இதில் எதுவும் அந்தந்தத் தளத்தைப் பாவிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. ஆனால் கையில் உள்ள எல்லாவற்றையும் அங்கேயே வைப்பது வாடகைக் காணியில் தென்னம்பிள்ளை நடுகிற வேலை. மேலே சொன்ன தடைக் காலங்களிலும் பெரும்பாலான இடங்களில் சாதாரண இணையத்தளங்கள் திறந்துகொண்டுதான் இருந்தன.

சரி, வலைப்பதிவு. அதை ஆர் வாசிக்கினம் என்று கேட்டீர்கள். தினமும் வந்து என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கும் வாசகர், 2005, 2006 அளவில் இருந்த மாதிரி, இப்போது இல்லை. அந்த அளவில் உங்கள் கேள்வி சரிதான். ஆனால் தேடி வருகிறவர் இருக்கிறார். கனடாவில் ஸ்கார்புரோவில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, அம்மம்மா கேட்டாவென்று கடையில் ஒரு பை ஒடியல் மா வாங்கிவிட்டு, கூழ் காய்ச்சினால் கசக்குதே என்று போனில் தேடுகிறது. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் தேடுகிறார். யாழ்ப்பாணத் தூள் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று இன்னொருவர். இவர்கள் வலைப்பதிவு வாசிக்க வரவில்லை, ஒரு சிக்கலோடு வருகிறார்கள். அந்த நேரத்தில் மாவை முதலில் தண்ணீரில் ஊற விட்டு, தெளிந்த தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டால் கசப்பு இறங்கும், பிறகு கூழுக்கோ பிட்டுக்கோ எடுங்கள் என்று படத்தோடு சொல்லிக் கொடுக்கிறவர் யாரோ, அந்தப் பெயர் அவர்களுக்கு நிற்கும். பிராண்ட் என்று நான் சொல்வது இதைத்தான். லோகோவும் நிறமும் பிறகு வரட்டும்.

என்ன எழுதுவது என்று யோசித்து மண்டையைக் குழப்பவும் தேவையில்லை. உங்கள் இன்பொக்ஸையும் வட்ஸ்அப்பையும் திறந்து பின்னோக்கிப் போங்கள். ஒரே கேள்விக்கு நீங்கள் திரும்பத் திரும்ப விரலால் பதில் அடித்திருப்பீர்கள்: கொழும்புக்கு அனுப்புவீங்களோ, மிளகாய் செத்தல் எங்கே வாங்குகிறீர்கள், தூள் ஏன் இவ்வளவு கறுப்பு, சாயம் போடுகிறீர்களோ, சின்னப் பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைத்துத் தரலாமோ. இந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை. நீங்கள் அடித்த பதிலே அரைவாசிக் கட்டுரை, அதைச் சீராக்கி, இரண்டு படம் வைத்து, ஒரு பக்கமாகப் போட்டுவிட்டால் அடுத்த முறை ஆராவது கேட்கும்போது இணைப்பை அனுப்பிவிடலாம். "தூள் ஏன் கறுப்பு" என்பதற்கு, செத்தலையும் மல்லியையும் கருவேப்பிலையையும் எவ்வளவு நேரம் எந்தப் பதம் வரும்வரை வறுக்கிறீர்கள் என்று தாச்சிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த மூன்று படம் போதும், சாயம் இல்லை என்று சத்தியம் பண்ணத் தேவையில்லை. இப்படிப் பத்துப் பக்கம் இருந்தால் நல்ல தொடக்கம். கிழமைக்கு மூன்று கட்டுரை என்று அந்த நிறுவனம் சொல்வது உங்களுக்குத் தேவைப்படாது, அவர்களுக்கு ஒடியல் மா ஊற வைத்த அனுபவமும் இருக்காது. மிளகாயின் மருத்துவக் குணங்கள் என்று எங்கேயோ இருந்து பிரட்டிப் போடுவார்கள், அப்படி ஏற்கெனவே ஆயிரம் கிடக்கிறது.

இந்த இடத்தில் அச்சுக்கடைக்காரனாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர் வியாபாரப் பக்கங்களில் முக்கால்வாசி விவரம் போஸ்டருக்குள் இருக்கிறது. விலை, போன் நம்பர், என்னென்ன சாமான், எல்லாம் ஒரு படத்துக்குள், மேலே பதிவில் எழுதியிருப்பது ஒரு பூவும் இரண்டு இதயமும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வைத்துத் தேடல் உங்களைக் கொண்டுவந்து காட்டும் என்று நம்பி இருக்க முடியாது. அதே விவரத்தைப் பதிவிலும் எழுத்தாக அடியுங்கள். அடிக்கும்போது யூனிகோடில், அதாவது எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறையில் அடியுங்கள். அச்சுக்கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்த கோப்பை அப்படியே ஒட்டினால் இணையத்துக்கு அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குவியல். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. அப்புறம், எங்கள் சனம் தமிழ் எழுத்திலும் தேடும், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தும் தேடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனேகமாக இரண்டாவது வகை. ஆகவே பக்கத்தில் எங்காவது ஓரிடத்தில் பொருளின் பெயரை அப்படியும் ஒருமுறை எழுதி வையுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்பதையும் தயவுசெய்து விடுங்கள் தங்கச்சி. விலை கேட்க வெட்கப்பட்டே போய்விடுகிற ஆக்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கு ஒருநாளும் தெரிய வராது.

இடம் எங்கே என்றால், முதலில் ஒரு டொமைன், அதாவது உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்குங்கள், வருசத்துக்குச் சில ஆயிரம் ரூபாதான் வரும். எழுதுவதற்கு இப்போதைக்கு கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரே போதும். 1999இல் தொடங்கிய பழைய சாமான்தான், 2003இல் கூகுள் வாங்கியது, இன்றைக்கும் இலவசம், உங்கள் சொந்த டொமைனையும் அதில் பொருத்தலாம். நாளைக்கு வேர்ட்பிரஸ் மாதிரி வேறொரு தளத்துக்கு மாறினாலும் எழுதியதை இறக்கி எடுத்துக்கொண்டு போகலாம், முகவரி மாறாது. கூகுள் மப்பிலும் உங்கள் வியாபாரத்தைப் பதியுங்கள், அதற்கும் காசில்லை. வீட்டு முகவரி வெளியில் தெரியக்கூடாது என்றால் அதை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

அப்படியென்றால் ரிக்ரொக்கும் பேஸ்புக்கும் எதற்கு? புது ஆக்களிடம் முகம் காட்டுவதற்கு. உங்களைத் தெரியாதவருக்கும் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுவதில் ரிக்ரொக் கெட்டி. ஆனால் அங்கே பார்த்தவருக்கு தாச்சியும் புகையும் நினைவிருக்கும், கடைப் பெயர் இருக்காது. அதனால் வீடியோவுக்குள்ளேயே, பொதியை ஒட்டும் இடத்தில், லேபல் ஒரு கணம் தெளிவாகத் தெரியட்டும், பெயரை வாயாலும் சொல்லுங்கள். எல்லாத் தளத்திலும் ஒரே பெயர், ஒரே படம். எல்லாவற்றிலும் ஒரே நேரம் மாரடிக்கவும் வேண்டாம். ஒன்றை ஒழுங்காகச் செய்து, மற்றதில் பெயரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் பிசினஸில் பொருட்களை விலையோடு அடுக்கி வைக்கும் இடம் இருக்கிறது, அதை நிரப்புங்கள். வாங்கியவர்களிடம் உங்கள் நம்பரைப் பெயரோடு சேமித்து வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சேமிக்காதவருக்கு நீங்கள் மொத்தமாக அனுப்பும் பட்டியல் மெசேஜ் போகாது, ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். 4000 லைக்கை விட உங்கள் நம்பரைச் சேமித்த 200 பேர் எனக்குப் பெரிசு.

இதுவரை சொன்னது நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவது அப்படி இல்லை. எத்தனை மணிக்குப் போட்டால் நல்லது என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், தளங்கள் எதை எப்படி முன்னுக்குத் தள்ளுகின்றன என்பது அந்தக் கம்பனிகளுக்குள் இருக்கும் விசயம், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். நான் செய்வது வெறும் மணிக்கூட்டுக் கணக்கு: இங்கே காலை ஏழு மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை, சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருக்கும் நேரம். இங்கே இரவு ஒன்பது என்றால் லண்டனில் பின்னேரம் நாலரை, பாரிசில் ஐந்தரை. ஹாஷ்ராக் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை பதிவு என்பதிலும் ஆளுக்கொரு கதை, நான் கண்டவரை பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு சந்தேகம் இதைவிடப் பெரியது. 2024இலிருந்து கூகுளே தேடல் பக்கத்தின் மேலே செயற்கை நுண்ணறிவால் பதிலை எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டது, சனம் அதை வாசித்துவிட்டு எந்தத் தளத்துக்கும் போகாமல் விடலாம். பொதுவான கேள்விகளுக்கு அது நடக்கத்தான் போகிறது என்று நினைக்கிறேன். உங்கள் கையால் வறுத்த தூளின் படமும், சுன்னாகத்திலிருந்து கொழும்புக்கு எத்தனை நாளில் போகும் என்பதும் நீங்கள் எழுதினால்தான் இருக்கும் என்பதால் உங்களுக்குப் பாதிப்புக் குறைவாக இருக்கலாம், ஆனால் இது என் எதிர்பார்ப்பு மட்டும். வலைப்பதிவில் விளம்பரம் போட்டு உழைக்கலாம் என்றும் சொல்வார்கள். கூகுள் அட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018இல், ஆனால் 100 டொலர் சேர்ந்தால்தான் காசு வெளியே வரும், உங்கள் அளவில் அதை மறந்துவிடுங்கள். தூள் விற்கத்தான் எழுதுகிறீர்கள்.

அந்த நிறுவனத்தைப் பற்றி. ஆக்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் காசு கொடுக்க முதல் இரண்டு விசயம். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். பேஸ்புக் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்க வேண்டும், அவர்களுக்குப் பதிவு போடும் அளவுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். சண்டை வந்து பிரிந்த பிறகு டொமைன் வடிவமைத்தவரின் பெயரில் கிடக்க, கடைக்காரர் தன் சொந்தப் பெயரை விலை பேசி வாங்கிய கதைகள் இங்கே இருக்கின்றன. கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் பூட்டு) போட்டுவிடுங்கள். "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணித்தியாலத்தில் நீக்கப்படும், இங்கே அமத்தவும்" என்று நீல எழுத்தில் பேஸ்புக்கின் சின்னத்தோடு மெசேஜ் வரும், கட்டாயம் வரும். அமத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பக்கம் போய்விடும்.

பெயர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். யாழ் என்று தொடங்கி ருசி, சுவை, கமகம என்று முடிகிற பெயர்கள் மலிந்துபோய்க் கிடக்கின்றன, தேடினால் உங்களைப் பிரித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் மட்டும் சேர்ந்த பெயரை வியாபாரக் குறியாக (ட்ரேட்மார்க்) பதிவதும் கஷ்டம், 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்படிப்பட்டவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. பதிந்தால் பத்து வருசம் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கலாம். இப்போதே பதியத்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் லேபல் அடிக்க முதல் பெயரைத் தீர்மானியுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். லேபலில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் பொதி அனுப்பும் சட்டதிட்டம் என் துறை இல்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதம். அதை ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும், ஒடியல் மா பற்றிப் பனை அபிவிருத்திச் சபையிலும் கேட்டுவிட்டு, தெளிவான பதில் கிடைத்த பிறகு "கனடாவுக்கும் அனுப்புவோம்" என்று பக்கத்தில் எழுதுங்கள்.